எண்ணெய்க் கிணற்றின் சேதாரக் கணக்கு

ஆண்டு முடிவில் கடையில் இருப்பு எடுக்கும்போது நம்மில் பலருக்கும் ஓர் அனுபவம் உண்டு. எண்ணெய் டின் கொள்முதல் நூறு, விற்பனை தொண்ணூற்றேழு, இருப்பு ஒன்று என்று கணக்கு வந்து நிற்கும். மீதி இரண்டு டின் எங்கே என்று கேட்டால், கணக்குப்பிள்ளை 'சேதாரம்' என்று ஒரு வரி எழுதிப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். டின் ஒழுகியிருக்கலாம். அளக்கும்போது சிந்தியிருக்கலாம். எப்படிப் போனது என்று யாரும் தேடுவதில்லை. சேதாரம் என்று பேரேட்டில் ஒரு பத்தி இருக்கும்வரை தேட வேண்டிய அவசியமும் வருவதில்லை. அந்த இரண்டு டின்னின் விலை கணக்குப்பிள்ளையின் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று முதலாளி சொன்ன மறுநாளே ஒழுகும் டின் எது என்பது தெரிந்துவிடும்!

உலகிலேயே மிகப் பெரிய வியாபாரங்களுள் ஒன்றான பெட்ரோலிய வியாபாரத்திலும் இப்படி ஒரு சேதாரப் பத்தி உண்டு. பூமியிலிருந்து எடுக்கும் எரிவாயுவில் ஒரு பகுதி விற்பனைக்கு வராமலே கிணற்றடியில் எரிக்கப்படுகிறது. இன்னொரு பகுதி குழாய் இணைப்புகளிலும் வால்வுகளிலும் கசிந்து காற்றில் கலக்கிறது. எண்ணெய் எடுக்கும் இயந்திரங்களை ஓட்டவே ஏராளமான எரிபொருள் செலவாகிறது. இவற்றால் வரும் புகையும் வாயுவும் உலகின் வெப்பத்தை உயர்த்துகின்றன. ஆனால் காற்று யாருக்கும் பில் அனுப்புவதில்லை. ஆகவே இந்தச் சேதாரத்தை நெடுங்காலம் யாரும் கணக்கில் எழுதவே இல்லை.

மளிகைக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக் கூடும். வேலை இருக்கிறது. நம் கடைக்கு வரும் அரிசி மூட்டை முதல் சோப்புப் பெட்டி வரை அனைத்தும் பெரும்பாலும் டீசலில் ஓடும் லாரியில்தான் வருகின்றன. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறது. எண்ணெய் உற்பத்திச் செலவில் ஏற்படும் எந்த மாற்றமும் என்றாவது ஒருநாள் லாரி வாடகையாக நம் வாசலுக்கு வந்து சேரும். அதைவிட முக்கியமான காரணமும் ஒன்று உண்டு. எண்ணெய்க் கம்பெனிகள் இந்தச் சேதாரத்தைக் குறைத்த கதையில் ஒரு வரி வருகிறது. வரி என்ற சொல்லைக் கேட்டாலே கடையடைப்பு பற்றி யோசிக்கும் நாம், எந்த வரி ஒழுக்கை அடைக்கிறது, எந்த வரி ஆளை மட்டும் வாட்டுகிறது என்று பிரித்தறிய இந்தக் கதை உதவும்.

எரிவதும் கசிவதும்

எண்ணெய்க் கிணற்றில் எண்ணெய் மட்டும் தனியாக வருவதில்லை. கூடவே எரிவாயுவும் வரும். தேங்காய் கொள்முதல் செய்பவருக்கு மட்டையும் சேர்ந்து வருவது போன்றது இது. பக்கத்தில் கயிறு ஆலை இருந்தால் மட்டைக்கும் விலை உண்டு. இல்லாவிட்டால் அதைக் குவித்து எரிப்பார்கள். எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எங்கு வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். எரிவாயுவை அனுப்பக் குழாய் போட வேண்டும். அல்லது கடுங்குளிரூட்டித் திரவமாக்க வேண்டும். இரண்டுக்கும் பெருமுதல் தேவை. அந்த முதலைப் போட மனம் வராத கம்பெனி, உயரமான குழாயின் முனையில் தீ வைத்து வாயுவை எரித்துவிடுகிறது. இரவில் பல மைல் தூரத்திலிருந்தும் அந்தத் தீச்சுடர் தெரியும்.

உலக வங்கியின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் இப்படி எரிக்கப்பட்ட வாயு 14,800 கோடி கன மீட்டர். 2024இல் அது 15,100 கோடியாக உயர்ந்தது. நம் நாடு ஓராண்டு முழுவதும் உரத் தொழிற்சாலை, மின் நிலையம், வீட்டுக் குழாய், வாகனம் என்று எல்லாவற்றுக்குமாகப் பயன்படுத்தும் இயற்கை வாயுவைப் போல் இது இரு மடங்குக்கும் அதிகம். உலகில் இப்படி எரியும் வாயுவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஒன்பதே நாடுகளில் எரிகிறது.

எரிவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. கசிவது தெரிவதில்லை. இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டு சிலிண்டரில் நாம் உணரும் நாற்றம், கசிவைக் கண்டுபிடிப்பதற்காகவே சேர்க்கப்படும் மருந்தின் நாற்றம். கிணற்றடியில் கசியும் மீத்தேனுக்கு அந்த அடையாளமும் கிடையாது. ஒரு டன் மீத்தேன் காற்றில் கலந்தால், முதல் 20 ஆண்டுகளில் அது ஒரு டன் கரியமில வாயுவைப் போல் 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது விஞ்ஞானிகளின் முடிவு. எரித்தால் கரியமில வாயு. எரிக்காமல் விட்டால் அதைவிடக் கொடிய மீத்தேன்.

எண்ணெயும் வாயுவும் எடுத்து, சுத்திகரித்து, நுகர்வோரிடம் சேர்க்கும் வேலையினால் மட்டும் 2022ஆம் ஆண்டில் 510 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான மாசு உண்டானது என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டது. எரிசக்தித் துறையால் உலகில் உண்டாகும் மொத்த மாசில் இது ஏறத்தாழ 15 சதவீதம். வாடிக்கையாளர் ஒரு சொட்டைக்கூட எரிக்கும் முன்பே உண்டாகும் சேதாரம் இது!

இதில் வியாபாரிகளாகிய நாம் வியக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகிய துறைகளில் வெளியாகும் மீத்தேனில் சுமார் 40 சதவீதத்தை, 2023ஆம் ஆண்டு விலை நிலவரப்படி, கைக்காசு போகாமலே தடுத்திருக்கலாம் என்று அதே முகமை கூறியது. பிடித்த வாயுவை விற்றால் வரும் பணம், பிடிப்பதற்கான செலவை ஈடுகட்டிவிடும் என்பது அதன் பொருள். அப்படியானால் ஏன் பிடிக்கவில்லை? நம் தொழிலை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். மூட்டையை ஏற்றி வரும் லாரிக்காரருக்கு மூட்டைக் கணக்கில்தான் வாடகை. வழியில் இரண்டு படி சிந்தினால் நஷ்டம் அவருக்கு இல்லை. குழாய் வழியே வாயுவைக் கொண்டு செல்லும் கம்பெனி பல நேரங்களில் அந்த வாயுவுக்குச் சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரரான கம்பெனிக்கோ, அதே பணத்தைப் புதுக் கிணற்றில் போட்டால் இன்னும் அதிக லாபம். இடையில் நிற்கும் ஒழுக்கு யாருடைய பொறுப்பும் இல்லை.

முதல் நாளிலேயே போட்ட நிபந்தனை

இந்த ஒழுக்கை ஒரு பொறுப்பாக ஆக்கிய நாடுகளுள் முன் வரிசையில் நிற்பது நார்வே. ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள குளிர் நாடு; மக்கள் தொகை சென்னை நகரத்தை விடக் குறைவு. மீன்பிடித் தொழிலுக்கும் கப்பல் தொழிலுக்கும் பெயர் பெற்றிருந்த அந்நாட்டின் கடற்பரப்பில் 1969ஆம் ஆண்டு டிசம்பரில் எக்கோபிஸ்க் என்னும் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது.

திடீரென்று செல்வம் வந்தால் ஆடிப் போகிறவர்கள்தான் அதிகம். நார்வே சற்று நிதானித்தது. 1971ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் தொழில் குழு, எண்ணெய்த் தொழில் எப்படி நடக்க வேண்டும் என்று பத்துக் கொள்கைகளை வகுத்தது. பயன்படுத்தத்தக்க எரிவாயுவைக் கடலில் வீணே எரிக்கக் கூடாது. சோதனைக்காகச் சிறிது காலம் எரிப்பதற்கு மட்டுமே அனுமதி என்பது அவற்றுள் ஒன்று. தொழில் தொடங்கும் நேரத்திலேயே போட்ட நிபந்தனை இது. கட்டடம் எழுந்த பிறகு வந்து சுவரை இடிக்கச் சொல்வதற்கும், அஸ்திவாரம் போடும்போதே அளவு சொல்வதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியாததல்ல.

இதன் பலன் ஸ்டாட்பியோர்ட் என்னும் வயலில் தெரிந்தது. 1979இல் அங்கே எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். எரிவாயுவைக் கரைக்குக் கொண்டுவரக் குழாய் அப்போது இல்லை. வேறு நாடாக இருந்திருந்தால் தீ வைத்திருப்பார்கள். இங்கே வாயுவை அழுத்தி மீண்டும் பாறைக்குள்ளேயே செலுத்தினார்கள். 1985இல் ஸ்டாட்பைப் என்ற குழாய் வந்து சேரும்வரை வாயு பூமிக்குள் இருப்பில் இருந்தது. உள்ளே செலுத்திய வாயு பாறையின் அழுத்தத்தைத் தாங்கியதால், கூடுதலாக எண்ணெயும் மேலே வந்தது. விலை வரும்வரை சரக்கைக் கிடங்கில் வைத்திருந்து, அந்தச் சரக்கினாலேயே வேறு லாபமும் கண்டது போலாயிற்று!

1991இல் வந்த வரி

அடுத்த கட்டம் 1991ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தது. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் எரிக்கப்படும் எரிவாயுவுக்கும் டீசலுக்கும் நார்வே அரசு கரியமில வாயு வரி விதித்தது. உலகிலேயே இத்தகைய வரியை விதித்த முதல் சில நாடுகளுள் நார்வேயும் ஒன்று. இதுவரை சேதாரப் பத்தியில் போய்க்கொண்டிருந்த வாயு, அன்று முதல் செலவுப் பத்திக்கு வந்தது.

அந்தச் சமயத்தில் ஸ்லைப்னர் என்னும் வயலை அரசுக் கம்பெனியான ஸ்டாட்ஆயில் தயார் செய்துகொண்டிருந்தது. (இக்கம்பெனி 2018 முதல் ஈக்வினார் என்ற பெயரில் இயங்குகிறது.) அங்கே ஒரு சிக்கல். அந்த வாயுவில் ஏறத்தாழ 9 சதவீதம் வரை கரியமில வாயு கலந்திருந்தது. வாங்குபவர்களோ 2.5 சதவீதத்துக்கு மேல் கலப்பு இருந்தால் எடுக்க மாட்டோம் என்றார்கள். கல்லும் மண்ணும் கலந்த பருப்பைச் சலித்துத் தரச் சொல்லும் மொத்த வியாபாரி போலத்தான். கரியமில வாயுவைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்ததை என்ன செய்வது? வழக்கப்படி காற்றில் விட்டிருப்பார்கள். இப்போது காற்றில் விட்டால் வரி.

கம்பெனியின் பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். வாயு எடுக்கும் பாறைக்கு மேலே, கடலடிக்குக் கீழே 800 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில், உப்பு நீர் ஊறிய மணற்பாறை ஒன்று இருந்தது. உட்சிரா என்பது அதன் பெயர். அதன் மேல் கெட்டியான களிப்பாறை மூடி போல் அமைந்திருந்தது. பிரித்த கரியமில வாயுவை அந்த மணற்பாறைக்குள் செலுத்திவிடலாம் என்று முடிவு செய்தார்கள். 1996ஆம் ஆண்டு அந்த வேலை தொடங்கியது. மாசு குறைப்பதற்காகவே கரியமில வாயுவைப் பூமிக்குள் செலுத்திய பெரிய அளவிலான முதல் முயற்சி உலகில் அதுதான். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னை ஒட்டிய அளவு உள்ளே போனது.

கணக்கைப் பார்ப்போம். அன்று வரி டன்னுக்குச் சுமார் 50 டாலர். பத்து லட்சம் டன்னுக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி டாலர் மிச்சம். வாயுவை அழுத்தும் இயந்திரத்துக்கும் கிணற்றுக்கும் ஆன கூடுதல் முதல் சுமார் எட்டுக் கோடி டாலர் என்று சொல்லப்படுகிறது. ஓட்டும் செலவைச் சேர்த்துப் பார்த்தாலும் சில ஆண்டுகளில் போட்ட முதல் திரும்பிவிடும். தருமத்துக்காகச் செய்த வேலையாக இது தெரியவில்லை. கணக்குப் போட்டுச் செய்த வேலை. அதனால்தான் அது நிலைத்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

உள்ளே போனது உள்ளேயே இருக்கிறதா என்ற கேள்வி எழும். ஒலி அலைகளைக் கடலடிக்குள் அனுப்பி, அவை திரும்பி வரும் விதத்தைக் கொண்டு பாறைக்குள் வாயு எங்கே பரவியிருக்கிறது என்று 1999 முதல் திரும்பத் திரும்பப் படம் எடுத்து வருகிறார்கள். கிடங்கில் சரக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்ப்பது போன்ற வேலை. மூடிப் பாறையைத் தாண்டி வாயு வெளியேறியதாக அந்தப் படங்களில் தெரியவில்லை.

எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை

இதைக் கேட்டு, எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அதே நாட்டின் வட கோடியில் ஸ்னோவிட் என்னும் வயல் இருக்கிறது. அங்கிருந்து வரும் வாயுவை ஹம்மர்பெஸ்ட் ஊருக்கருகே மெல்கோயா தீவில் திரவமாக்கிக் கப்பலில் அனுப்புகிறார்கள். அங்கும் 2008இல் கரியமில வாயுவைப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். பாறைக்குள் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறிவிட்டது. 2011இல் வேறொரு பாறை அடுக்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு கிடங்கு நன்றாக இருந்தது என்பதற்காக எல்லாக் கிடங்கும் அப்படியே இருக்கும் என்று எண்ணிச் சரக்கை அடுக்கக் கூடாது என்பதே இதன் பாடம்.

அடுத்தது மின்சாரம். நார்வேயின் எண்ணெய் மேடைகளிலிருந்து வரும் புகையில் பெரும் பகுதி, மேடையிலேயே வாயுவை எரித்து மின்சாரமும் விசையும் உண்டாக்கும் டர்பைன்களிலிருந்து வருகிறது. நாம் கடை வாசலில் ஜெனரேட்டர் வைத்து ஓட்டுவது போலத்தான்; அளவு மட்டும் மலை. நார்வேயில் கரையில் கிடைக்கும் மின்சாரம் பெரும்பாலும் நீர் மின்சாரம். ஆகவே கரையிலிருந்து கடலடிக் கேபிள் வழியே மேடைக்கு மின்சாரம் அனுப்பினார்கள். ட்ரோல் வயலின் மேடைக்கு 1996 முதலே இப்படி மின்சாரம் போகிறது. 2019இல் தொடங்கிய யோஹான் ஸ்வெர்ட்ருப் என்னும் பெரிய வயலுக்கும் இதே ஏற்பாடுதான். அங்கே ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க ஒரு கிலோவுக்கும் குறைவான கரியமில வாயுவே வெளியாவதாகக் கம்பெனி சொல்கிறது. உலக சராசரியோ 15 கிலோ அளவில் இருக்கிறது.

ஆனால் இதிலும் ஒரு வழக்கு எழுந்துள்ளது. மெல்கோயா ஆலைக்குக் கரை மின்சாரம் கொடுக்க 2023இல் அரசு ஒப்புதல் கொடுத்தபோது வட பகுதி மக்கள் பலர் எதிர்த்தார்கள். இவ்வளவு மின்சாரம் ஆலைக்குப் போனால் வீட்டுக்கும் கடைக்கும் மின் கட்டணம் ஏறும் என்பது ஒரு வாதம். புதிய கம்பிகளும் காற்றாலைகளும் வந்தால் தங்கள் மேய்ச்சல் நிலம் போய்விடும் என்பது கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் வாதம். ஒருவர் வாசலைப் பெருக்கிய குப்பை மற்றவர் வாசலில் விழக் கூடாது என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாசு குறைப்புக்கும் ஒரு விலை உண்டு. அதை யார் கொடுப்பது என்பதை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். நார்வேயில் எண்ணெய்க் கம்பெனியின் லாபத்துக்கு மொத்தம் 78 சதவீதம் வரி. ஆனால் புகை குறைக்கப் போடும் முதலை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அந்த முதலின் பெரும் பகுதியை உண்மையில் அரசே சுமக்கிறது. ஒரு கையால் வரி கேட்ட அரசு, மறு கையால் திருத்திக்கொள்ள வழியும் செய்து கொடுத்தது. வரி மட்டும் போட்டு வழியை மூடியிருந்தால் ஸ்லைப்னர் நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

வாயுவுக்கும் ஒரு கிடங்கு

ஸ்லைப்னரில் கற்ற பாடம் இப்போது தனி வியாபாரமாகவே வளர்ந்திருக்கிறது. பெர்கன் நகருக்கருகே ஓய்கார்டன் என்னும் இடத்தில், மற்றவர்களின் கரியமில வாயுவை வாங்கிப் பூமிக்குள் வைக்கும் கிடங்கு ஒன்றை மூன்று எண்ணெய்க் கம்பெனிகள் கூட்டாக நடத்துகின்றன. நார்தர்ன் லைட்ஸ் என்பது அதன் பெயர். பிரேவிக் என்னும் ஊரில் உள்ள சிமெண்ட் ஆலையின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, திரவமாக்கி, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவருகிறார்கள். பின்னர் அது சுமார் 100 கிலோமீட்டர் குழாய் வழியே போய், கடலடிக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் பாறைக்குள் இறங்குகிறது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதல் வாயு உள்ளே போனது. ஆண்டுக்கு 15 லட்சம் டன் வைக்க முதல் கட்டத்தில் இடம் உண்டு. சரக்கை வைப்பவர் கிடங்கு வாடகை கொடுக்க வேண்டும்; ஆனால் சரக்கைத் திரும்ப எடுக்கப் போவதில்லை! இதற்கும் அரசின் பெரும் பண உதவி தேவைப்பட்டது. உதவி இல்லாமல் சொந்தக் காலில் நிற்குமா என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும்.

பெரிய பத்தி இன்னும் திறக்கப்படவில்லை

இவ்வளவும் சொன்ன பிறகு, கணக்கின் மறுபக்கத்தையும் காட்டாவிட்டால் நாம் நேர்மையான வியாபாரிகள் ஆக மாட்டோம். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அதை எடுக்கும்போது வெளியாகும் கரியமில வாயு உலக சராசரியில் 15 கிலோ அளவு என்று பார்த்தோம். அந்தப் பீப்பாயை வாங்கியவர் எரிக்கும்போது வெளியாவதோ சுமார் 430 கிலோ. எடுப்பவர் தம் பங்கு முழுவதையும் துடைத்தெறிந்தாலும் மிச்சமாவது அந்த 15 கிலோதான். மீதம் 430 கிலோ எரிப்பவர் கணக்கில் அப்படியே நிற்கிறது.

நார்வேயைக் குறை கூறுபவர்கள் சொல்வதும் இதுதான். எண்ணெய் எடுக்கும் மேடையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, எண்ணெயையும் எரிவாயுவையும் கப்பல் கப்பலாக, குழாய் குழாயாக வெளிநாட்டுக்கு விற்கிறார்களே, அந்தப் புகை யார் கணக்கு என்று கேட்கிறார்கள். கடை வாசலைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டு, விற்ற சரக்கைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? இந்தக் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் யாரிடமும் இல்லை.

ஆனால் அந்த 430 கிலோவைச் சாக்காக வைத்து 15 கிலோவை விட்டுவிடுவதும் சரியாகாது. உலகம் நாளையே எண்ணெயை நிறுத்திவிடப் போவதில்லை. எடுக்கும் வரை சிந்தாமல் எடுப்பது அடிப்படைக் கடமை. அதிலும் மீத்தேன் கசிவை அடைத்தால் பலன் விரைவில் தெரியும். அது காற்றில் பன்னிரண்டு ஆண்டு அளவே தங்கக் கூடியது.

முத்திரை இட்ட தராசு

உலக அளவில் வாக்குறுதிகளுக்குப் பஞ்சமில்லை. வழக்கமாக எரிவாயுவை எரிப்பதை 2030க்குள் நிறுத்துவது என்ற முயற்சியை 2015இல் உலக வங்கி தொடங்கியது. மீத்தேனை 2030க்குள் 30 சதவீதம் குறைப்போம் என்ற உலக உறுதிமொழி 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் தொடங்கியது. 2023இல் துபாய் மாநாட்டில் ஐம்பது எண்ணெய்க் கம்பெனிகள் இதே போன்ற உறுதிமொழியில் சேர்ந்தன. ஆயினும் 2024இல் எரிந்த வாயு முந்தைய ஆண்டைவிட அதிகம் என்று மேலே கண்டோம்.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் கடைத் தராசுக்கு அரசு அதிகாரி வந்து முத்திரை இடுகிறார். முத்திரை இல்லாத தராசில் நிறுத்தால் அபராதம். எண்ணெய்க் கிணற்றின் கசிவை நெடுங்காலம் யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. இத்தனை வால்வு, இத்தனை குழாய், ஆகவே இவ்வளவு கசிவு என்று காகிதத்தில் பெருக்கிப் போட்ட கணக்கே பல இடங்களில் இருந்தது. இப்போது நிலைமை மாறி வருகிறது. 2017இல் ஐரோப்பா ஏவிய ஒரு செயற்கைக்கோள், பெரிய மீத்தேன் கசிவுகளை வானத்திலிருந்தே காட்டிக்கொடுக்கிறது. கீழே, கண்ணுக்குத் தெரியாத வாயுவைப் படம் பிடிக்கும் கேமராவுடன் ஆட்கள் வால்வு வால்வாகப் போய்ப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு சட்டம் இயற்றி, தன் நாடுகளுக்கு வரும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரியின் மீத்தேன் கணக்கை இறக்குமதி செய்பவர்களிடம் கேட்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வாங்குபவர் எடை கேட்கத் தொடங்கினால் விற்பவர் தராசைச் சரிசெய்துதான் ஆக வேண்டும்.

நமக்கு என்ன?

இந்தக் கதையிலிருந்து வணிகப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, வரியைப் பற்றியது. நார்வேயில் வந்தது, செய்யும் தொழிலுக்காகப் போட்ட வரி அன்று. வீணாக்கும் சரக்குக்காகப் போட்ட வரி. அளவு முன்கூட்டியே தெரிந்தது. அந்தக் கடலில் எண்ணெய் எடுத்த எல்லோருக்கும் அது பொருந்தியது. வீண் குறைந்தால் வரியும் குறைந்தது. இத்தகைய வரியை வியாபாரி கணக்கில் கொண்டு திட்டமிட முடியும். இன்று ஒரு விகிதம், நாளை ஒரு விகிதம், ஆளுக்கு ஒரு விளக்கம் என்று வரும் வரியைத்தான் திட்டமிட முடியாது. நாளை நம் அரசுகள் மாசுக்கு விலை வைக்க முன்வந்தால், வேண்டாம் என்று ஒரே குரலில் சொல்வதைவிட, இந்த நான்கு குணமும் அதில் இருக்கிறதா என்று நம் சங்கங்கள் கேட்பது நலம்.

இரண்டாவது, அந்த 430 கிலோவில் நம் பங்கும் இருக்கிறது. பாதி லோடுடன் ஓடும் லாரி, தேவையில்லாமல் ஓடும் ஜெனரேட்டர், கதவு சரியாக மூடாத குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றும் நம் கடைகளில் உள்ள கசியும் வால்வுகள். ஒரே தெருவைச் சேர்ந்த நான்கு கடைகள் சேர்ந்து ஒரு லோடாகச் சரக்கு எடுத்தால் வாடகையும் மிச்சம், டீசலும் மிச்சம்.

மூன்றாவது, அளக்காமல் எதையும் குறைக்க முடியாது. டீசல் செலவையும் மின் கட்டணத்தையும் 'இதர செலவு' என்று ஒரே வரியில் எழுதாமல் தனித்தனிப் பத்தியில் எழுதிப் பாருங்கள். ஆறு மாதக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழுக்கு எங்கே என்று பத்தியே சொல்லிவிடும்.

சிந்துவதற்கு யாரும் விலை கேட்காதவரை அது சேதாரம். விலை கேட்ட அன்றே அது செலவு. செலவு என்று தெரிந்த பிறகு அதை விட்டுவைக்கும் வியாபாரி உலகில் எங்கும் இல்லை. வடகடலிலும் இல்லை, நம் கடைத்தெருவிலும் இல்லை. இந்த ஆண்டு இருப்பெடுக்கும்போது கணக்குப்பிள்ளை 'சேதாரம்' என்று எழுதப் பேனாவை எடுத்தால், ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லி, எந்த டின் ஒழுகியது என்று கேட்டுப் பார்ப்போம்.